காட்டச் சொல்லிக் கேட்பது சந்தேகமா? வாகனத் திருத்த வேலையும் வீட்டுப் பணமும்



ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் எமது மத்ரஸா அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். அரச பாடசாலையொன்றில் ஆசிரியை. கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். 15 வருடப் பழைய சிறிய கார் ஒன்றில் தன் பிள்ளைகள் இருவரையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு தினமும் பாடசாலைக்குப் போய் வருபவர். கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார். அதில் கராஜ்காரர் எழுதிக் கொடுத்த ஐந்து வேலைகளும் கடைசியில் ஒரு தொகையும் இருந்தன. ஒன்றரை இலட்சம் ரூபாய்.

“மௌலவி, கார் சூடாகுது. ஹெட் கேஸ்கட் போயிட்டுது, ஹெட்டைக் கழட்டணும் எண்டு பாஸ் சொல்றார். உண்மையா பொய்யா எண்டு எனக்கு விளங்குதில்ல. திருப்பிக் கேட்டா அவரைச் சந்தேகிக்கிற மாதிரி ஆகிடுமோ எண்டும் பயமா இருக்கு. சந்தேகம் பாவம் எண்டு நீங்கதானே பயான்ல சொன்னீங்க?”

அவரது இரண்டு கைகளையும் பார்த்தேன். ஒரு கையில் மட்டும்தான் காப்பு இருந்தது. மற்றக் கைக் காப்பு எங்கே போயிருக்கும் என்பதை நான் கேட்கவில்லை.

அரபுக் கல்லூரியில் ஓதிய எனக்கு எஞ்ஜினைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அவரது கேள்வியில் பாதி எஞ்ஜினைப் பற்றியதல்ல. ஒருவர் சொல்வதை எப்போது நம்புவது, எப்போது விளக்கம் கேட்பது, கேட்பதால் நாம் குற்றவாளி ஆகிறோமா என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கடமை உண்டு. மற்றப் பாதியை எங்கள் மஹல்லாவில் 40 வருடம் வாகனம் திருத்தி ஓய்ந்த ஒரு பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

இன்று இது பல வீடுகளின் பிரச்சினை. 2020 மார்ச் மாதம் எமது நாட்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களும் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓடப் பழகிவிட்டோம். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கராஜுக்குப் போகும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது.

என் சொந்தத் தவறு

கராஜ்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி நினைத்ததால் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பழைய டொயோட்டா டவுன்ஏஸ் டீசல் வேன் இருந்தது. ஒயில் மாற்றப் போன இடத்தில் ஓர் இளைஞர், “மௌலவி, டைமிங் பெல்ட் மாற்றி எத்தனை கிலோமீட்டர்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “அப்படியென்றால் மாற்றிவிடுவதுதான் நல்லது” என்றார். வேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, புகையில்லை. ஓடுகிற வண்டியில் வேலை தேடுகிறார் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு சிரித்துச் சமாளித்து வந்துவிட்டேன்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு, குடும்பத்தோடு ஒரு திருமணத்துக்குப் போகும் வழியில் பெல்ட் அறுந்தது. டீசல் எஞ்ஜினில் அந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலெழுந்து வால்வுகளில் அடிக்கும். வால்வுகள் வளைந்தன. பெல்ட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணத்தைப் போல் பல மடங்கு போயிற்று. நடுவீதியில் வேன் நின்றபோது பின்னால் பஸ் ஒன்று வராமலிருந்தது அல்லாஹ்வின் கிருபை.

அந்த இளைஞர் உண்மையைத்தான் சொன்னார். அதைப் பொய்யாக எடுத்துக்கொண்டவன் நான். ஆகவே தேவையற்ற வேலைக்குப் பணம் கொடுப்பது ஒரு நஷ்டம் என்றால், தேவையான வேலையைச் சந்தேகத்தால் தள்ளிப்போடுவது அதைவிடப் பெரிய நஷ்டமாகலாம். கண்மூடி நம்புவதும் கண்மூடிச் சந்தேகிப்பதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இரண்டிலும் கண் மூடித்தான் இருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஸூரா அல்ஹுஜுராத் பிறரைப் பற்றிய தீய எண்ணத்தைத் தடுக்கிறது. கொண்டுவரப்படும் செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளும் பாடமும் அதே ஸூராவில்தான் இருக்கிறது. ஒருவரைக் கெட்டவர் என்று மனதில் தீர்ப்பளிப்பது வேறு. அவர் சொல்லும் விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது வேறு. முன்னையது அவரது மானத்தைத் தொடுகிறது. பின்னையது உங்கள் பொறுப்பு.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்தத் தானியக் குவியல் சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மோசடி பற்றிய எச்சரிக்கையை மட்டும் நாம் அந்தச் சம்பவத்திலிருந்து நினைவில் வைத்திருக்கிறோம். கையை உள்ளே விட்டுப் பார்த்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளைப் பார்த்துச் சோதிப்பது குற்றமாக இருந்தால் அந்தக் கை உள்ளே போயிருக்காது.

இமாம் அஷ்ஷைஸரீ 12ஆம் நூற்றாண்டில் சந்தைக் கண்காணிப்புப் பற்றி எழுதிய நூலில் ஒவ்வொரு தொழிலாளருக்கும் தனித்தனிப் பாடம் இருக்கிறது. சவாரிப் பிராணிகளுக்கு லாடமடித்து வைத்தியம் பார்ப்போருக்கும் ஒரு பாடம் உண்டு. அன்றைய வாகனம் குதிரையும் கோவேறு கழுதையும்தானே! வாகனம் திருத்துபவரின் வேலையைக் கவனித்துப் பார்ப்பது இன்று தோன்றிய வழக்கமல்ல.

எனவே கராஜில் நின்று, “கொஞ்சம் காட்டுங்க பாஸ், நானும் பார்க்கிறேன்” என்று நீங்கள் சொன்னால் அதில் பாவமில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. நேர்மையான தொழிலாளிக்கு அது மகிழ்ச்சியாகவே இருக்கும். தன் வேலையைக் காட்ட அவருக்கும் ஆசை உண்டு.

கராஜுக்குப் போகுமுன் வீட்டில் செய்யக்கூடியவை

வைத்தியரிடம் பிள்ளையைக் கொண்டுபோகும்போது, எத்தனை நாள் காய்ச்சல், இரவிலா பகலிலா, சாப்பிட்டானா என்று தாய்தான் சொல்கிறாள். வாகனத்துக்கும் அப்படித்தான். தினமும் ஓட்டுகிற உங்களுக்குத் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது. ஒரு சிறிய கொப்பியில் எழுதி வையுங்கள். எப்போது சத்தம் வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட் செய்யும்போதா, சூடான பிறகா? பிரேக் மிதிக்கும்போதா, ஸ்டியரிங் திருப்பும்போதா? ஓடும்போதா, நிற்கும்போதா?

ஒழுகல் இருந்தால் இரவில் எஞ்ஜினுக்குக் கீழே பழைய கார்ட்போட் அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அட்டை உங்களுக்கு விபரம் சொல்லும். கறுப்பு அல்லது கடும் மண்ணிறத் துளி என்றால் பெரும்பாலும் எஞ்ஜின் ஒயில். பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் போல் இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். சிவப்பாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஓட்டோ கியர் ஒயிலாகவோ பவர் ஸ்டியரிங் ஒயிலாகவோ இருக்கலாம். ஏ.சி. போட்டு ஓடிய பின் சுத்தமான தண்ணீர் சொட்டினால் அது ஏ.சி. தண்ணீர், அதற்கு ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை. எஞ்ஜினில் இலேசாக எண்ணெய் படிந்திருப்பது ஒன்று, சொட்டுச் சொட்டாக விழுவது இன்னொன்று. முன்னையதைத் துடைத்துவிட்டுச் சில வாரம் கவனிக்கலாம்.

வருடாந்தப் புகைப் பரிசோதனை அறிக்கையை, வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தவுடன் வீசிவிடாதீர்கள். அதில் இலக்கங்கள் இருக்கின்றன. சென்ற வருட அறிக்கையையும் இவ்வருட அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புகை கூடியிருக்கிறது என்று ஒருவர் சொல்வது சரியா என்று உங்களுக்கே ஓரளவு விளங்கும்.

வாகனத்தோடு வரும் கைநூலில் எந்தப் பாகத்தை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்ற அட்டவணை உண்டு. ஜப்பானிலிருந்து வந்த வாகனத்தின் கைநூல் ஜப்பானிய மொழியில் இருந்தால், படித்த மகனிடமோ மகளிடமோ சொல்லி அந்த மாதிரி வாகனத்துக்குரிய அட்டவணையைத் தேடி எடுத்து வையுங்கள். அட்டவணையில் இல்லாத எஞ்ஜின் ஃப்ளஷ் போன்ற மேலதிகக் கழுவல்களை எவராவது பிரேரித்தால், “இது ஏன் என் வண்டிக்குத் தேவைப்படுகிறது?” என்று கேட்க அது உதவும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

அந்தப் பெரியவர் எனக்குச் சொல்லித்தந்த நான்கு கேள்விகள் இவை. மனனமிட்டுக்கொள்ளுங்கள்.

1. “எதைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள்?” தேய்ந்ததா, வெடித்ததா, ஆடுகிறதா, அளவு குறைந்ததா? அதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். நேரில் நிற்க முடியாவிட்டால் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

2. “இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?” பிரேக் பிடிக்காமல் போகுமா, எஞ்ஜின் உடையுமா, அல்லது சத்தம் மட்டும் வருமா?

3. “இன்றே செய்ய வேண்டுமா, அடுத்த மாதம் செய்யலாமா?” ஐந்து வேலை சொன்னால் ஐந்தையும் அவசர ஒழுங்கில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. “பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு?” பஞ்சிகாவத்தையில் ஒரே பாகம் அசல், கொப்பி, பாவித்தது என்று மூன்று விதமாகக் கிடைக்கும். மூன்றுக்கும் விலை வேறு. எது போடப்படுகிறது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த நான்குக்கும் கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கலாம். “உங்களுக்குச் சொன்னா விளங்காது” என்று சொல்பவரிடம், “விளங்கிற மாதிரிச் சொல்லுங்க நானா” என்று ஒருமுறை கேளுங்கள். அப்போதும் சொல்லாவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு சலாம் சொல்லி வந்துவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

சில விடயங்களில் பேரம் பேசவும் தவணை கேட்கவும் வேண்டாம். பிரேக் மிதி ஆழமாக இறங்கினாலோ மெத்தென்று இருந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். பிரேக் மிதிக்கையில் இரும்போடு இரும்பு உராயும் சத்தம் வந்தாலும் அப்படித்தான். ஸ்டியரிங் ஆட்டம் கொடுப்பது, டயரின் பக்கச் சுவர் வீங்கியிருப்பது, பெற்றோல் மணம் வீசுவது ஆகியவையும் இதே வகை. சிவப்பு நிற ஒயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்ஜினை அணைத்துவிடுங்கள். வெப்பமானியின் முள் மேலே ஏறினாலும் அப்படியே செய்யுங்கள். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டினால், சிறு செலவோடு போகவேண்டியது எஞ்ஜினோடு போகும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

இதில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமல்ல. பின் ஆசனத்தில் இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். நம்பி அனுப்பிய அடுத்த வீட்டாரின் அமானிதமும் இருக்கிறது.

அடிக்கடி சொல்லப்படும் சில வேலைகள்

பிரேக் பேட்: புதிய பேட்டில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் மாற்றும் காலம். சில்லைக் கழற்றினால் கண்ணால் காணலாம். பல பேட்களில் தேய்ந்ததும் கீச்சென்று சத்தமிடும் ஒரு தகடு உண்டு. பாதிக்கு மேல் மீதமிருந்தால் அவசரமில்லை. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அதைப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது நியாயமானதே.

டயர்: டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் கட்டாயம் மாற்ற வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களில் உற்பத்தித் திகதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். புதிய டயர் என்று வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

பெட்டரி: ஸ்டார்ட் ஆகாவிட்டால் உடனே புதுப் பெட்டரி வாங்காதீர்கள். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும், கம்பி தளர்ந்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பின் நல்ல பெட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏறும். ஏறாவிட்டால் குற்றம் பெட்டரியில் அல்ல, அதற்கு மின் ஏற்றும் ஓல்டர்நேட்டரில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் புதுப் பெட்டரி போட்டால் அதுவும் சில நாட்களில் இறங்கிவிடும்.

டைமிங் பெல்ட்: என்னைச் சுட்ட பாடம் இது. பல ஜப்பானிய வாகனங்களில் இது சுமார் 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் அறுந்துவிடும். ஆகவே ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்ற என் வாதம் இங்கே செல்லாது. மாருதி ஆல்டோ 800இலும் பெல்ட்தான். ஆனால் டொயோட்டா விட்ஸ், எக்ஸியோ போன்றவற்றில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கிறது. அதற்கு மாற்றும் தவணை கிடையாது. சங்கிலி உள்ள வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றச் சொன்னால் அவர் வண்டியைத் திறந்தே பார்க்கவில்லை என்று அர்த்தம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்து வையுங்கள்.

ஸ்கேன் அறிக்கை: எஞ்ஜின் விளக்கு எரிந்தால் கணினியில் ஸ்கேன் செய்து ஒரு குறியீட்டைத் தருவார்கள். அந்தக் குறியீடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. உதாரணமாக பி 0420 என்ற குறியீடு, புகையைச் சுத்திகரிக்கும் கன்வேர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும். காரணம் கன்வேர்ட்டராக இருக்கலாம், ஒரு சென்சராக இருக்கலாம், புகைக் குழாயில் ஒரு துவாரமாகவும் இருக்கலாம். விலை கூடியதை மாற்றுமுன் மற்ற இரண்டையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

ஹைபிரிட் பெட்டரி: ப்ரியஸ், அக்வா வைத்திருப்போர் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். முழுப் பெட்டரியும் போய்விட்டது என்று சொன்னால், ஒவ்வொரு பகுதியின் வோல்ட் அளவையும் காட்டும் ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கள். ப்ரியஸின் பெட்டரி 28 துண்டுகளும் அக்வாவின் பெட்டரி 20 துண்டுகளும் சேர்ந்தது. ஒரு பகுதி மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறதா, எல்லாமே தளர்ந்துவிட்டனவா என்பது அறிக்கையில் தெரியும். ஒரு துண்டை மட்டும் மாற்றினால் மற்றப் பழைய துண்டுகள் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதையும் உத்தரவாதத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின் ஆசனப் பக்கமாக இருக்கும் காற்று வழியைப் பொதிகளால் அடைக்க வேண்டாம். அங்கே தூசு அடைத்தால் பெட்டரி சூடாகும். ஆனால் அந்தப் பெட்டரியை நீங்களோ பிள்ளைகளோ திறக்கவே கூடாது. உயிரைப் பறிக்கும் மின்சாரம் அது.

இரண்டாவது அபிப்பிராயம்

தொகை பெரிதென்றால் இன்னோர் இடத்தில் காட்டுவது உங்கள் உரிமை. ஆனால் பலர் செய்யும் ஒரு பிழை உண்டு. இரண்டாவது இடத்துக்குப் போய், “ஹெட் கேஸ்கட் போயிட்டுதாம், பாருங்க” என்று தொடங்குகிறார்கள். அப்படிச் சொன்னால் அவரும் அங்கேயே தேடுவார். முதலாமவர் சொன்னதைச் சொல்லாதீர்கள். நோயை மட்டும் சொல்லுங்கள். “நிறுத்தி வைத்தால் சூடாகிறது” என்றால் போதும். இருவரும் தனித்தனியே ஒன்றையே சொன்னால் மன நிம்மதியோடு செலவழிக்கலாம். முதலாமவர் பார்த்துச் சொன்னதற்குக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். அவரது நேரத்துக்கும் பெறுமதி உண்டு.

எழுத்தை மறவாதீர்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். நாமோ இலட்சக்கணக்கான வேலையை வாய்ப் பேச்சில் முடிக்கிறோம். செய்யப்போகும் வேலை, மதிப்பிட்ட தொகை, உத்தரவாதக் காலம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். “இதற்குமேல் ஏதும் வந்தால் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை வண்டிக்குள் வைத்துத் தரச் சொல்லுங்கள். அவை உங்களுக்குச் சொந்தமானவை.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். அநீதி நடந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துடன் பேசலாம். எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டும். பற்றுச்சீட்டில்லாமல் போய் நின்றால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் காட்ட ஒன்றும் இருக்காது.

கராஜ்காரரின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இதை வாசிப்பவர்களில் வாகனம் திருத்தும் தொழிலாளரின் மனைவியரும் தாய்மாரும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு ஆண்கள் வெயிலிலும் கிறீஸிலும் படும் பாட்டை நீங்கள்தான் அறிவீர்கள். மாலையில் உணவு பரிமாறும்போது அவரிடம் சொல்லுங்கள்: “வாறவங்களுக்குக் காட்டிட்டு வேலை செய்யுங்க.” காட்டிச் செய்த வேலையில் வந்த பணத்தைப் பற்றி நாளை எவரும் வாய் திறக்க முடியாது. ஒரு பெண் எதுவும் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போனால், அந்தத் தலையாட்டலை மனப்பூர்வமான சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

அந்த ஆசிரியையின் கார்

வெள்ளிக்கிழமை வந்த அந்தச் சகோதரியிடம் நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். “கார் எப்போது சூடாகிறது?” சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “பாடசாலை வாசல்ல பிள்ளைகளுக்காகக் காத்திட்டு நிக்கும்போதுதான் மௌலவி. ரோட்ல ஓடத் தொடங்கினா முள்ளு கீழ இறங்கிடும்.” இதைக் கராஜில் சொன்னீர்களா என்று கேட்டேன். “அவர் கேட்கல்ல, நானும் சொல்லல்ல” என்றார்.

நாங்கள் அந்தப் பெரியவரிடம் தொலைபேசியில் கேட்டோம். ஓடும்போது காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும், முதலில் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள் என்றார். ஹெட் கேஸ்கட் போனதற்கு வேறு அடையாளங்கள் உண்டு என்றும் சொன்னார். வெளியே ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போகும். ஒயில் பால் கலந்த தேநீர் நிறமாகும். வெள்ளைப் புகை விடாமல் வரும். அழுத்தச் சோதனை செய்யாமல் ஹெட்டில் கை வைக்கக் கூடாது என்பதும் அவரது சொல்.

விசிறி சுற்றவில்லை. அதன் மோட்டார் எரிந்திருந்தது. அழுத்தச் சோதனையும் செய்தார்கள், ஹெட்டில் குறையில்லை. விசிறி மோட்டாருக்கும் கூலன்டுக்கும் போன பணம் அந்தக் காகிதத்தில் இருந்த தொகையில் சிறு பகுதிதான்.

அவர் முதலாவது கராஜ்காரரிடம் திரும்பிப் போய், சண்டை பிடிக்காமல் நடந்ததைச் சொன்னாராம். அவர் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “நான் விசிறியைப் பார்க்கல்ல டீச்சர். போன கிழமை இதே மாதிரி ஒரு கார் வந்துச்சு, அதுக்கு ஹெட்தான். அதையே நினைச்சிட்டேன்” என்றாராம். அவர் வேண்டுமென்றே சொன்னாரா, அவசரத்தில் சொன்னாரா என்பதை அல்லாஹ் அறிவான். அதை நாம் தோண்டத் தேவையில்லை. அந்தச் சகோதரி இப்போதும் அவரிடம்தான் ஒயில் மாற்றுகிறார். அவரும் இப்போது எதையும் காட்டிவிட்டுத்தான் கழற்றுகிறாராம்.

காப்பு மீண்டுவிட்டதா என்று நான் இன்னும் கேட்கவில்லை. சென்ற மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது இரண்டு கைகளிலும் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.